நர்சம்மாவிடம் கேளுங்கள்: தாலி ஏறினால் வயது ஏறிவிடுமா?

சென்ற இதழில் சத்துமாவு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, "பதினேழு வயதில் பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு எந்த மாவைக் கரைத்துக் கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் பை நிறையக் கடிதம், எல்லாம் அந்த ஒரு வரிக்கு. திட்டு இருக்கிறது, அழுகை இருக்கிறது, ஒரு கடிதத்தில் இரண்டும் இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. வீடு வீடாகப் போனவள்.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. என் தம்பிக்கே கொடுப்பதாகப் பேச்சு. என் அம்மாவுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்துவிட்டது, கண் மூடுவதற்குள் பேத்தி கழுத்தில் தாலியைப் பார்க்க வேண்டும் என்கிறார். நானும் வீட்டுக்காரரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். கோவிலில் வைத்துத் தாலி மட்டும் கட்டிவிட்டு, பதினெட்டு முடியும்வரை மகளை எங்களோடு பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். இதில் தப்பு உண்டா நர்சம்மா?
ஒரு தாய், பென்னாகரம்

பதில்: உண்டு அம்மா.

"தாலி மட்டும்" என்ற பேச்சை நான் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்ட எல்லோரும் நல்லவர்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன். வைகாசியில் தாலி. ஆவணி வரைக்கும் "எங்க வீட்லதான் இருக்கா". தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? அதுவும் தாய்மாமன், அக்கா வீட்டில் நினைத்த நேரம் வந்து படுத்து எழுந்து போகிறவன். பொங்கல் கழிந்து ஒருநாள் அந்தப் பெண் என் துணை சுகாதார நிலையத்து பெஞ்சில், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரைக் குறை சொல்வது? பத்திரமாக வைத்துக்கொள்வது ஊறுகாய் ஜாடிக்குச் சரி.

சட்டம் கேட்டீர்கள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் "தாலி மட்டும்" என்று ஒரு வகையைப் பிரித்து வைக்கவில்லை. கோவிலில் கட்டினாலும் வீட்டுக்குள் கட்டினாலும் ஒன்றுதான். நடத்தி வைத்தவர், ஏற்பாடு செய்தவர், தடுக்காமல் விட்ட பெற்றோர், தெரிந்தே கலந்துகொண்டவர் என்று எல்லோரையும் அது தொடும். 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் பெண்களுக்குச் சிறை இல்லை. ஆக உங்கள் தம்பியும் வீட்டுக்காரரும் உள்ளே, நீங்கள் வெளியே நின்று ஜாமீனுக்கு அலைவீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது பெங்களூர். பாட்டி ஆசை, தம்பி உறவு எல்லாம் மேலே பூசின சுண்ணாம்பு. "வயசுப் பொண்ணை யாரை நம்பி விட்டுட்டுப் போறது" என்பதுதான் அடியில் இருக்கும் சுவர். நம் மாவட்டத்தில் பாதிக் குழந்தைத் திருமணத்தை நடத்தி வைப்பது வறுமை என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை வறுமையை விடப் பயம்தான் முந்திக்கொள்கிறது. பிள்ளை வேற சாதிப் பையனோடு போய்விடுவாளோ என்ற பயம். அதை வெளியே சொல்ல மாட்டார்கள், "காலம் கெட்டுக் கெடக்கு" என்பார்கள். அந்தப் பயத்துக்கு மருந்து என்னிடம் இல்லை. ஆனால் யாரை நம்பி விடுவது என்பதற்கு வழி இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைக்கும் அரசு மாணவியர் விடுதிகள் உண்டு. தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் வங்கிக்கு வரும். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம்தான், 2022-இல் படிப்புக்குக் காசு கொடுக்கிற திட்டமாக மாறியது. தங்கம் போச்சே என்று அப்போது வருத்தப்பட்ட அம்மாக்களில் நானும் ஒருத்தி. இப்போது யோசித்தால் மாற்றியது சரி என்றுதான் படுகிறது.

பாட்டி என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொன்னாள்?

கேள்வி: எனக்கு 22 வயது, டெம்போ ஓட்டுகிறேன். என் மனைவிக்கு 17. இரண்டு வீட்டாரும் சேர்ந்து முடித்து வைத்ததுதான். இப்போது ஆறாம் மாதம். இதுவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஆதாரில் வயதை மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். பிரசவத்தை மட்டும் கர்நாடகாவில் அத்தை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். மனைவிக்குக் கொஞ்ச நாளாக முகம் வீங்கி இருக்கிறது. என்ன செய்வது?
பெயர் வேண்டாம், தேன்கனிக்கோட்டை பக்கம்

பதில்: தம்பி, நீங்கள் எழுதிப் போட்டு என் கைக்கு வர 11 நாள் ஆகியிருக்கிறது. அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது ஏழாம் மாதம் பிறந்திருக்கும். அதனால் முதலில் செருப்பை மாட்டுங்கள், மீதியைப் போகிற வழியில் படியுங்கள். முக வீக்கம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். அதோடு தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று சேர்ந்தாலும் ஆட்டோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது நீங்கள் பயப்படுகிற விஷயம். உங்களிடம் பொய் சொல்லி வரவழைக்க மாட்டேன். அங்கே வயதை எழுதுவார்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் டாக்டரோ நர்ஸோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, கொடுக்காமல் மறைத்தால் அவர்களுக்கே 6 மாதம் வரை சிறை. தாலி கட்டிய மனைவிதானே என்ற வாதம் 2017 அக்டோபர் 11-ஆம் தேதியோடு முடிந்துபோனது. மனைவியாகவே இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் அது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொன்னது. கர்ப்பமாகிவிட்டால் சட்டம் அதைக் கடுமையான பிரிவில் வைக்கிறது, குறைந்தபட்சமே 20 ஆண்டு. எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. கல்யாணத்தைப் பேசி முடித்த பெரியவர்கள் யாரும் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் பெயரும் வழக்கில் வரும்.

வக்கீல் இல்லாமல் எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஆதாரில் வயதைத் திருத்துகிற ஆளைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். வயதுக்கு நீதிமன்றம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றிதழை. அவள் பள்ளியில் சேர்ந்த அன்று வாத்தியார் எழுதிய தேதி அங்கே பத்திரமாக இருக்கிறது. இருக்கிற வழக்கோடு மோசடி வழக்கும் சேரும், அவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்தே போ என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2003, ஐப்பசி அடைமழை. அப்போது 108 கிடையாது. மலைமேல் ஒரு குக்கிராமம். மாதம் ஒருமுறை போவேன், ஒரு வீட்டில் எப்போதும் காபி கொடுப்பார்கள். கேழ்வரகு காயப்போட்ட வாசலில் உட்கார்ந்து குடிப்பேன். "உங்க வீட்ல யாரும் முழுகாம இல்லையே?" என்று கேட்டால், "இல்லீங்க நர்சம்மா" என்பார் அந்த மாமியார். ஒருநாள் விடிகாலையில் ஆள் ஓடி வந்தது. மருமகளுக்குப் பேய் பிடித்து ஆடுகிறதாம். பூசாரி வந்து வேப்பிலை அடித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தால் பதினாறு வயதுப் பெண், எட்டு மாத வயிறு, நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். ஜன்னி. பிரஷர் ஏறி ஏறி மூளையைத் தொட்டுவிட்டது. போர்வையில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவள் பிழைத்தாள், இரண்டு நாள் கண் தெரியாமல் இருந்து பிறகு தெரிந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரித் திண்ணையில்தான் மாமியார் சொன்னார். நான் வருகிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணைக் குதிருக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்களாம். நர்சம்மா வயசைக் கேட்டு எழுதிவிடுவாள் என்று. நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். எட்டடி தள்ளி அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கையில் பிரஷர் பார்க்கும் கருவியோடு நான்.

முதல் பிள்ளை என்றாலே பிரஷர் ஏற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வளர்ந்து முடிக்காத உடம்பு என்றால் இன்னும் அதிகம். இடுப்பெலும்பு விரிந்து முடிவது உயரம் நின்றதற்கும் பிறகுதான். அவளுக்கே ரத்தம் பற்றாத வயதில் வயிற்றில் இருப்பதும் அதே இரும்புச் சத்தை உறிஞ்சும். ரத்த அளவு 11 இருக்க வேண்டிய இடத்தில் 7-க்குக் கீழே இறங்கி வந்த சிறுமிகளை எனக்கு நினைவிருக்கிறது, உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி இருக்கும். இதெல்லாம் மாதா மாதம் பார்த்தால் பிடித்துவிடக் கூடியவை. பிரஷர் 140/90-ஐத் தொட்டால் நர்ஸ் விடமாட்டாள். ஜன்னி வந்தேவிட்டாலும் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மக்னீசியம் சல்பேட் ஊசியை இரண்டு இடுப்பிலும் ஐந்தைந்து கிராம் போட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கர்நாடகா அத்தை வீட்டில் அந்த ஊசி இருக்குமா?

வயது குறைவு என்று எந்த நர்ஸும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிக்மி நம்பர் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணைக் கேளுங்கள், போட்டுத் தர வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் 19 வயது ஆனவர்களுக்குத்தான். அதற்காக வயதைக் கூட்டிச் சொல்லி இன்னொரு சிக்கலில் மாட்டாதீர்கள்.

முகவரியை மறைத்திருக்கிறீர்கள், ஆனால் உறையின் பின்னால் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். யாரோ ஒரு அம்மா எடுத்து "ராங் நம்பர்" என்றார்.

கேள்வி: வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு முறை பிரேயரில் மயங்கி விழுந்தாள். பள்ளியில் கொடுக்கும் நாப்கினை மூன்று மாதமாக வாங்கவில்லை. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி வந்து பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாமா? விஷயம் வெளியே போனால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று தலைமை ஆசிரியர் தயங்குகிறார்.
ஆசிரியை, ஊத்தங்கரை

பதில்: பள்ளியில் சோதிக்கவே கூடாது டீச்சர். பாத்ரூம் வாசலில் இரண்டு பேர் காத்து நின்றாலே மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடும். ரத்தசோகையிலும் மயக்கம் வரும், மாதவிலக்கும் தள்ளிப் போகும். நீங்கள் ஒருத்தி மட்டும், கதவு திறந்திருக்கும் ஆனால் காது எட்டாத இடத்தில், அவளோடு உட்காருங்கள். "யார்? எப்போ?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியா, தூங்கறியா, வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" போதும். யார் என்ற கேள்விக்குப் பதில் பல சமயம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் உடனே அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பாதீர்கள் என்கிறேன்.

சந்தேகம் உறுதியானால் குழந்தைகள் உதவி எண் 1098. நாள் முழுக்க, ராத்திரியும் எடுப்பார்கள். விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், தகவல் கொடுக்காமல் விட்டால் தண்டனை சாதாரண ஆளை விட நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு அதிகம், ஓராண்டு வரை. பெயர் வெளியே வரக் கூடாது என்பதும் சட்டம்தான். பள்ளியின் பெயரைச் சொல்லி அவளை அடையாளம் காட்டுவதும் அதில் அடக்கம்.

இன்னொன்று, வாரக் கணக்கு. கருவைக் கலைக்க வேண்டிய நிலை என்றால் 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு போதும். மைனர் பெண்ணுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் பார்த்துச் செய்யலாம், 2021-இல் திருத்திய சட்டம். காப்பாளர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். போலீஸுக்குப் போகும் தகவலில் சிறுமியின் பெயரை டாக்டர் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மறைக்கலாம் என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது பல டாக்டர்களுக்கே தெரிவதில்லை. நீங்கள் தலைமை ஆசிரியரின் தயக்கம் தீரக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

அப்புறம், டி.சி. எழுதி அனுப்பிவிடாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை அவள் எழுத வேண்டும்.

கேள்வி: எனக்கு 71 வயசு. 14-ல் கல்யாணம், 15-ல் தலைச்சன். நாலு பிள்ளை இருக்கு, பேரன் பேத்தி பதினொண்ணு. இன்னைக்கும் கிணத்துல தண்ணி சேந்துறேன். எந்த ஆஸ்பத்திரி வாசப்படியும் மிதிச்சதில்லை. பதினெட்டு, இருபத்தொண்ணுன்னு நீங்க எழுதறதெல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு. அந்தக் காலத்துல எல்லாரும் செத்தா போயிட்டோம்?
(பேத்தியை விட்டு எழுதச் சொன்னது) மேட்டூர்

பதில்: கும்பிடறேன் பாட்டி. பேத்தி கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, எத்தனாவது படிக்கிறாள்?

"நாலு பிள்ளை இருக்கு" என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த "இருக்கு" என்ற சொல்லோடு எனக்கு 32 வருடப் பழக்கம். எத்தனை பிள்ளைங்க என்று கேட்டால் "இருக்கறது நாலு" என்பார்கள். பெத்தது எத்தனை என்று இரண்டாவது கேள்வி கேட்டால், கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு "ஏழு" என்பார்கள். எங்கள் படிவத்திலேயே அதற்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. தரித்தது எத்தனை, பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை. உங்கள் தலைச்சன் தங்கியதா பாட்டி? உங்களோடு பாண்டியாடியவர்களில் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் எல்லோரும் திரும்பி வந்தார்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். பேத்தியிடம் சொல்லுங்கள், அவளுக்குத் தெரியட்டும்.

வெள்ளைக்காரன் பேச்சு என்பதற்கு மட்டும் சண்டைக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் இதில் கை வைக்கவே பயந்தவன். 1890-இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சின்னப் பெண், பத்துப் பதினொரு வயது, புருஷனால் செத்துப்போன பிறகுதான் தாம்பத்தியத்துக்கான சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டு ஆக்கினான். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கல்யாண வயதை உயர்த்தச் சொல்லிப் போராடினார். 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குப் பதினாறு என்று தீர்மானம் போட்டார்கள். அதே வருடம் வந்த சாரதா சட்டம் பதினாலோடு நின்றது. 1949-இல் பதினைந்து ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் கல்யாணமே அன்றைய சட்டத்துக்கு ஒரு வருடம் முந்தியது பாட்டி! பயப்படாதீர்கள், இனி யாரும் பிடிக்க மாட்டார்கள்.

எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. ஆடி மாதம் பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குப் பிரித்து அனுப்புகிறோம். ஏன்? ஆடியில் தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று. எவ்வளவு நுட்பமான கணக்கு! மாதத்தை எண்ணத் தெரிந்த அதே வீட்டில், பெண்ணின் வயதை மட்டும் "ஆச்சு, பதினாறு நடக்குது" என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தமிழ்நாடு மருத்துவத்தில் முன்னேறிய மாநிலம். நீங்கள் எழுதுவது ஏதோ இரண்டு மூன்று மலைக் கிராமத்துப் பிரச்சினை அல்லவா?
கல்லூரி மாணவர், கோவை

பதில்: 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள், கர்ப்பமாக இருந்தவர்கள் 6.3 சதவீதம். இந்தியா முழுவதும் 6.8. முன்னேறிய மாநிலத்துக்கும் நாட்டின் சராசரிக்கும் அரை சதவீதம்தான் இடைவெளி. 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் இங்கே 12.8 சதவீதம், எட்டில் ஒருத்தி. அதே கணக்கெடுப்பில் நம் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. நம் பெருமை இந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. பிரசவ அறைக்கு வந்து சேர்ந்தவளை நாம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம், அவள் எத்தனை வயதில் வந்தாள் என்பதைப் பேறுகால அட்டையில் சிவப்பு மையில் எழுதுவதோடு சரி.

எங்களிடம் "தகுதியான தம்பதியர் பதிவேடு" என்று ஒன்று உண்டு. கல்யாணமான பெண்களை 15 வயதிலிருந்து அதில் எழுத வேண்டும். கல்யாண வயது 18, பதிவேடு 15! வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பற்றிக் கேட்டேன். "உள்ளதை எழுதத்தானேம்மா பதிவேடு" என்றார் மேலதிகாரி. அவர் சொன்னதும் சரிதான்.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது எங்கள் பக்கம் முகூர்த்தம் குறையவே இல்லை. மண்டபம் வேண்டாம், சாப்பாட்டுச் செலவு இல்லை, வாத்தியார் விசாரித்து வரமாட்டார். மறுபடி பள்ளி திறந்தபோது திரும்பி வராத பெண்களில் சிலரை நான் வேறு அட்டையில் பார்த்தேன்.

கேள்வி: என் தங்கை மகளுக்கு 15 வயது. வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று தகவல். நான் சொன்னதாகத் தெரியாமல் நிறுத்த முடியுமா?
ஓமலூர்

பதில்: முடியும். 1098-க்குச் சொல்லுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அங்கேயும் சொல்லலாம். இடம், நேரம், பெண் படிக்கும் பள்ளி, மூன்றையும் சரியாகச் சொன்னால் போதும். நிறுத்திய பிறகு அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஊரில் வைத்துக் கட்டிவிடுவார்கள், அதையும் கவனியுங்கள். இந்த இதழ் வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும் என்பதால் இதைத் தபாலிலும் எழுதிப் போட்டுவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு பதினேழு வயது பத்து மாதம். பையனுக்கு ஏழு மாதம். பிளஸ் டூ பாதியில் நின்றுவிட்டேன். பிளஸ் ஒன்னில் 600-க்கு 471 எடுத்தேன். மறுபடி படிக்க ஆசை, வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அடுத்து பெண் குழந்தை வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். பால் கொடுக்கிற வரைக்கும் பிள்ளை தரிக்காது என்கிறார்கள், உண்மையா?
(ஊர் பெயரை நான் எடுத்துவிட்டேன்)

பதில்: கண்ணு, உன் கடைசிக் கேள்விக்கு முதலில். முழு உண்மை இல்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இருக்க வேண்டும், உனக்கு இன்னும் தூரம் வராமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது காவல். உன் பையன் ஏழு மாதம், ராகிக் கூழ் ஆரம்பித்திருப்பாய். அந்தக் காவல் போய்விட்டது. இந்த வாரமே துணை சுகாதார நிலையத்துக்குப் போய் முதலில் ஒரு சிறுநீர்ச் சோதனை. இல்லை என்று தெரிந்ததும், காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது, சாயா மாத்திரை இருக்கிறது. சாயா முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம். எல்லாம் இலவசம். மாமியாரிடம் "உடம்புல ரத்தம் ஏறட்டும்னு நர்சம்மா சொன்னாங்க" என்று சொல். அது பொய்யும் இல்லை.

வயது கேட்பார்கள். என்னவெல்லாம் நடக்கலாம் என்று தேன்கனிக்கோட்டைத் தம்பிக்கு மேலே எழுதியிருப்பதை ஒருமுறை படித்துக்கொள். நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், மனதில் போட்டுவை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், இருபது வயது முடிவதற்குள் நீதிமன்றத்தில் கேட்டு ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் உன் பையன் சட்டப்படியான பிள்ளைதான், அதில் மாற்றம் இல்லை. வேண்டும் என்று தோன்றினால் அதுவும் உன் இஷ்டம்.

471! நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் 38 வாங்கினவள். பிளஸ் ஒன் முடித்திருப்பதால் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதலாம். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார், கூச்சப்படாதே. விண்ணப்பத் தேதியை அவர்கள் சொல்வார்கள். தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் உங்கள் ஊர் நர்ஸைக் கூட்டிக்கொண்டு போ. நான் இரண்டு பேரை அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன், ஒருத்தி முடித்தாள், ஒருத்தி முடிக்கவில்லை.

பையனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. தடுப்பூசி அட்டையை எடுக்கும்போது அதே பையில் பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸையும் போட்டுக்கொள். புதன்கிழமை ஊசி நாள், கூட்டமாக இருக்கும், பேச முடியாது. ஊசி போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் மறுபடி வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வா.